போர்க்காலப் போலீசை வைத்துக்கொண்டு அமைதியா?

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி நினைவிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் மே 21 அன்று தலைவர்கள் வருகிறார்கள், மலர் வைக்கிறார்கள், உறுதிமொழி எடுக்கிறார்கள், திரும்பிப் போகிறார்கள். 1991-இல் அந்த இடத்தில் அவரோடு மாண்டவர்களில் பந்தோபஸ்துக்கு நின்ற காவலர்களும் உண்டு. ஆனால் 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் அவர் கையெழுத்திட்ட இந்திய-இலங்கை ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்று அந்த வளாகத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய நேரம் இது. அந்த நேரமும் கைநழுவிக்கொண்டிருக்கிறது.

அந்த ஒப்பந்தத்தின் வழியாக வந்ததுதான் இலங்கை அரசமைப்பின் 13-வது திருத்தம். மாகாண சபைகள் அமைந்தன. காணியும் காவலும் மாகாணங்களுக்கு என்று எழுத்தில் சொல்லப்பட்டது. மாகாணத்துக்கென ஒரு போலீஸ் பிரிவு. அதன் தலைவராக ஒரு டிஐஜி. அவரை நியமிக்க முதலமைச்சரின் ஒப்புதல். மேற்பார்வைக்கு மூவர் கொண்ட மாகாணப் போலீஸ் ஆணைக்குழு. எல்லாம் அரசமைப்பின் இணைப்பில் அச்சில் இருக்கின்றன. நாற்பது ஆண்டுகள் நெருங்குகின்றன. இலங்கையின் எந்த மாகாணத்திலும், சிங்கள மாகாணங்களையும் சேர்த்து, ஒரு நாள்கூட இவை நடைமுறைக்கு வரவில்லை. 2013-இல் வட மாகாணத்துக்கு நடந்த முதல் தேர்தலில் வந்த சபையின் காலம் 2018-இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே இல்லை, ஆளுநர்கள் நிர்வகிக்கிறார்கள். காவல் அதிகாரம் கேட்பதற்கு இப்போது முதலமைச்சரும் கிடையாது.

போர் 2009 மே மாதம் முடிந்தது. போர் முடிந்த நாட்டில் முதலில் மாற வேண்டியது எது? பலரும் ராணுவத்தைச் சொல்வார்கள். ராணுவம் குறைய வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ராணுவம் முகாமுக்குத் திரும்பிவிட்டாலும் போலீஸ் தெருவிலேயே நிற்கும். காணாமல் போன மகனைப் பற்றி ஒரு தாய் புகார் கொடுப்பது காவல் நிலையத்தில். நிலத்தகராறு போவதும் அங்கேதான். நினைவேந்தல் நடத்தத் தடை உத்தரவு கேட்டு நீதிமன்றம் போவதும் அதே நிலையத்து அதிகாரிதான். அரசு மாறிவிட்டதா என்பதைச் சாதாரண மனிதர் அங்கே, ஒரு மேசைக்கு முன்னால் நின்றுதான் தெரிந்துகொள்கிறார். அந்த மேசைக்குப் பின்னால் இருக்கும் ஆள், சட்டம், மொழி மூன்றும் போர்க்காலத்தில் இருந்தபடியே இருந்தால், சமாதானம் என்பது அரசிதழில் மட்டும் இருக்கும்.

இலங்கையின் போலீசும் நம் போலீசும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இந்தியாவின் காவல் சட்டம் 1861-இல் வந்தது, இலங்கையின் போலீஸ் கட்டளைச் சட்டம் 1865-இல். இரண்டுக்கும் பிரிட்டிஷார் முன்மாதிரியாக வைத்தது ஐரிஷ் கான்ஸ்டபுலரியை. அடங்க மறுக்கும் மக்களை அடக்குவதற்காக, ஆயுதத்தோடு, மேலிடத்துக்கு மட்டும் பதில் சொல்லும்படி வடிவமைத்த படை அது. மக்களுக்குப் பதில் சொல்வது என்பது அதன் வரைபடத்திலேயே இல்லை. விடுதலைக்குப் பிறகு கொடி மாறியது. வரைபடம் அப்படியே இருந்தது.

அதன்மேல் போர் வந்து இன்னும் மூன்றைச் சேர்த்தது. 1979-இல் பயங்கரவாதத் தடைச் சட்டம். மூன்றாண்டுகளுக்கு மட்டும் என்று சொல்லிக் கொண்டுவந்து, 1982-இல் நிரந்தரமாக்கினார்கள். அடுத்தது எண்பதுகளில் உருவான விசேட அதிரடிப் படை. பெயருக்குப் போலீஸ், பயிற்சியும் ஆயுதமும் ராணுவத்துடையவை. மூன்றாவது, போலீஸ் துறையே நெடுங்காலம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. 2006 ஜனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் அதிரடிப் படையினர் உள்ளிட்ட 13 பேர் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். 2019 ஜூலையில் சாட்சியம் போதவில்லை என்று அனைவரும் விடுவிக்கப்பட்டனர். சாட்சிகள் பயந்து நாட்டைவிட்டுப் போன பிறகு சாட்சியம் எங்கிருந்து வரும்?

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16-வது பிரிவு, உதவிக் கண்காணிப்பாளரும் அதற்கு மேற்பட்டவர்களும் பதிவுசெய்யும் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கிறது. அடித்து வாங்கியது என்று நிரூபிக்கும் பொறுப்பு, அடி வாங்கியவருடையது. இதன் ஆபத்தை ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ராஜீவ் கொலை வழக்கு நடந்தது தடா சட்டத்தில். அதன் 15-வது பிரிவும் காவல் கண்காணிப்பாளர் எழுதிய வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்றது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. இந்தக் குற்றத்துக்குத் தடா பொருந்தாது என்றும் சொன்னது. ஆனாலும் தடாவின் கீழ் எழுதிய வாக்குமூலங்கள் சாட்சியமாக நின்றன. தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், பணி ஓய்வுக்குப் பிறகு 2013-இல், வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்காக என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதவில்லை என ஒப்புக்கொண்டார். ஒரு வாக்கியம் விடுபட்டது. அந்த மனிதர் விடுதலையாக 2022 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கொலை மன்னிக்க முடியாத குற்றம். குற்றவாளியைக் கண்டுபிடிக்க வேண்டியதும் தண்டிக்க வேண்டியதும் அரசின் கடமை. போலீசின் பேனாவே நீதிபதியின் பேனாவாகும்போது அந்தக் கடமைதான் முதலில் கெடுகிறது. இந்தியா தடாவை 1995-இல் காலாவதியாக விட்டது, பொடாவை 2004-இல் நீக்கியது. இலங்கை 1979-இன் சட்டத்தை இன்னும் வைத்திருக்கிறது. 2018-இலும் 2023-இலும் மாற்றுச் சட்ட முன்வடிவுகள் வந்தன. பெயர் புதிது, பிடி பழையது என்று எதிர்ப்பு எழுந்து கைவிடப்பட்டன. 2022-இல் செய்த திருத்தம், வழக்கில்லாமல் அடைத்துவைக்கும் காலத்தை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. குற்றப்பத்திரிகை இல்லாமல் ஓராண்டு உள்ளே இருக்கலாம் என்பதைச் சீர்திருத்தம் என்று சொல்லிக்கொள்ள அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

அடுத்தது மொழி. மன்னாரைச் சேர்ந்த ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாஃப் ஜஸீம், 'நவரசம்' என்று ஒரு கவிதைத் தொகுப்பு வெளியிட்டிருந்தார். 2020 மே மாதம் இந்தச் சட்டத்தில் அவரைக் கைது செய்தார்கள். தீவிரவாதத்தைத் தூண்டுவதாகச் சொல்லப்பட்ட அந்த நூல், வன்முறைக்கு எதிரான கவிதைகளைக் கொண்டது என்பதைத் தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் அரைமணி நேரத்தில் சொல்லியிருப்பார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் விடுவித்தது. தமிழ் தெரியாத காவல் துறையின் கையில் ஒரு தமிழ்ப் புத்தகம் வெடிபொருளாகிவிட்டது.

இதைத் தீர்க்க வழி தெரியாமலும் இல்லை. இலங்கை அரசே நியமித்த, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011-இல் தெளிவாகச் சொன்னது: ஆயுதப் படைகளைக் கவனிக்கும் அமைப்புகளிலிருந்து போலீசைப் பிரியுங்கள், நிலையங்களில் 24 மணி நேரமும் தமிழ் தெரிந்த அதிகாரிகள் இருக்கட்டும், புகார் கொடுப்பவர் விரும்பும் மொழியிலேயே அவருடைய வாக்குமூலம் பதிவாகட்டும். போலீஸ் இப்போது பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருக்கிறது, பலகை மாறியிருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் புரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடச் சொன்ன கதைகள் நின்றபாடில்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிள்ளைப்பாக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரியும். ஒரகடம் வரை நீளும் இந்தத் தொழிற்பேட்டைகளில் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் ஷிஃப்ட் பார்க்கிறார்கள். கைபேசி திருடுபோனால், கூலி தராமல் ஏமாற்றினால், அறையில் சண்டை வந்தால், அவர்கள் காவல் நிலையம் போகத் தயங்குகிறார்கள். சொல்வதை எழுதிக்கொள்ள அங்கே இந்தியோ ஒடியாவோ தெரிந்த ஆள் வேண்டும். பெரும்பாலும் துணைக்கு வருவது ஒப்பந்தக்காரர். புகாரே அந்த ஒப்பந்தக்காரர் மீது என்றால்? வந்த ஊரில் மொழி தெரியாதவருக்கே நிலைமை இது. சொந்த ஊரில், பிறந்த மண்ணில், தன் தாய்மொழியில் புகார் எழுத முடியாமல் நிற்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

தமிழருக்கு மட்டும்தான் இந்தத் துயரம் என்று நினைத்தால் தவறு. போர்க்காலப் பழக்கம் வடக்கோடு நிற்பதில்லை. தெற்கின் வாசலுக்கும் வந்துசேரும். சிங்களர் ஒருவரைச் சித்திரவதை செய்ததற்குப் பொறுப்பானவர்களில் ஒருவர் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்த தேசபந்து தென்னகோன், அடுத்த இரண்டே மாதத்தில் நாட்டின் பொலிஸ் மா அதிபராக நியமிக்கப்பட்டார். 2024 ஜூலையில் நீதிமன்றம் அவர் பதவியில் தொடரத் தடை விதித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் 177 வாக்குகளோடு, எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லாமல், அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. இது நல்ல செய்தி. ஆனால் ஒரு மனிதரை நீக்குவது வேறு, அவரை மேலே ஏற்றிய ஏணியை மாற்றுவது வேறு. தேசிய போலீஸ் ஆணைக்குழுவின் கதையைப் பாருங்கள். 2001-இல் 17-வது திருத்தம் அதைச் சுதந்திர அமைப்பாக உருவாக்கியது. 2010-இல் 18-வது திருத்தம் பல்லைப் பிடுங்கியது. 2015-இல் 19-வது திருத்தம் திருப்பிக் கொடுத்தது. 2020-இல் 20-வது திருத்தம் பறித்தது. 2022-இல் 21-வது திருத்தம் மறுபடி கொடுத்தது. ஆட்சிக்கு ஆட்சி பறித்தும் கொடுத்தும் விளையாடும் ஆணைக்குழுவை நம்பி எந்த இன்ஸ்பெக்டர் மேலதிகாரியின் சட்டவிரோத உத்தரவை மறுப்பார்?

'மாகாணத்துக்குப் போலீஸ் கொடுத்தால் நாட்டின் பாதுகாப்பு என்னாவது' என்ற கேள்வியைக் கொழும்பில் திரும்பத் திரும்ப எழுப்புகிறார்கள். 13-வது திருத்தத்தின் இணைப்பைப் படித்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். அரசுக்கு எதிரான குற்றங்கள், ஆயுதப் படைகள், தேர்தல், நாணயம் தொடர்பான குற்றங்கள் எல்லாம் அதில் தேசியப் பிரிவிடமே இருக்கின்றன. பொலிஸ் மா அதிபர்தான் அனைவருக்கும் தலைவர். சரி, எல்லா அதிகாரமும் கொழும்பில் குவிந்திருந்தபோது பாதுகாப்பு எப்படி இருந்தது? 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இந்தியாவிலிருந்து முன்கூட்டியே உளவுத் தகவல் போயிருந்தது. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடமை தவறியதற்காக, அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாயும் அப்போதைய பொலிஸ் மா அதிபர் 7.5 கோடி ரூபாயும் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மக்களைச் சந்தேகிக்கவே பழகிய போலீசுக்கு மக்களைக் காப்பாற்றத் தெரியவில்லை.

உலகம் இந்தப் பாதையில் முன்பே நடந்திருக்கிறது. நம் இரு நாட்டுப் போலீசுக்கும் முன்மாதிரி தந்த அயர்லாந்து மண்ணிலேயே பாடம் இருக்கிறது. வடக்கு அயர்லாந்தில் 1998-இல் சமாதான உடன்பாடு வந்ததும், போலீசை என்ன செய்வது என்று ஆராய கிறிஸ் பேட்டன் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். 1999-இல் அது 175 பரிந்துரைகள் கொடுத்தது. 2001 நவம்பரில் பழைய படை பெயர், சின்னம், சீருடை எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு புதிய போலீஸ் துறையானது. சுமார் 8 சதவீதமாக இருந்த கத்தோலிக்கர்களை உள்ளே கொண்டுவர, பத்தாண்டுகள் பாதிக்குப் பாதி என்ற விகிதத்தில் ஆள் எடுத்தார்கள். அவர்களின் பங்கு 30 சதவீதத்தைத் தொட்டது. புகார்களை விசாரிக்கப் போலீசைச் சாராத தனி அதிகாரி வந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு காலத்தில் காவல் நிலையத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தவர்களின் அரசியல் தலைமை, போலீஸ் மேற்பார்வை வாரியத்தில் வந்து உட்கார்ந்தது.

பாதியில் நிறுத்தினால் என்னாகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சாட்சி. நிறவெறி ஆட்சி ஒழிந்ததும் 1995-இல் போலீசின் பெயரில் 'சேவை' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். ராணுவப் பதவிப் பெயர்களை எடுத்தார்கள். குற்றம் பெருகுகிறது என்று சொல்லி 2010-இல் அந்தப் பதவிப் பெயர்களையே திரும்பக் கொண்டுவந்தார்கள். 2012 ஆகஸ்ட் 16 அன்று மரிக்கானா சுரங்கத்தில் கூலி உயர்வு கேட்டு நின்ற 34 தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. கலைத்துவிடுவதும் தீர்வல்ல. 2003-இல் இராக் ராணுவத்தை ஒரே ஆணையில் கலைத்தபோது, வேலையிழந்த ஆயுதபாணிகள் அடுத்த போருக்கு ஆளானார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேலிருந்த ராணுவத்தை 2030-க்குள் ஒரு லட்சமாகக் குறைப்போம் என்று இலங்கை 2023-இல் அறிவித்தது. வெளியே வரும் ஆட்களுக்கு வேலை எங்கே என்பதற்கும் சேர்த்துத் திட்டம் வேண்டும்.

இப்போது ஏன் இந்த அபாய மணி? இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வராது என்பதால். 2024 நவம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225-இல் 159 இடங்களை வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றையும் வென்றது. தென்னிலங்கைக் கட்சி ஒன்றை வடக்கு இப்படி நம்பியது இதுவரை நடக்காதது. அந்தக் கட்சியின் தலைமையில் இருக்கும் ஜேவிபி, போலீஸ் வதை என்றால் என்னவென்று பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய அமைப்பு அல்ல. 1980-களின் இறுதியில் அதன் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் காணாமலாக்கப்பட்டார்கள். பட்டலந்த வதைமுகாம் அறிக்கையை 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் வைத்தது இந்த அரசுதான். தங்கள் தோழர்களுக்குப் பட்டலந்தவில் நீதி கேட்பவர்கள், யாழ்ப்பாணத்துச் செம்மணி சித்துப்பாத்தியில் 2025-இல் மண்ணுக்குள்ளிருந்து வந்த 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளுக்கும் அதே நீதியைக் கேட்க வேண்டும். அந்தப் புதைகுழிகளை விசாரிப்பது எந்தப் போலீஸ் என்பதே இங்கே கேள்வி. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்றுதான் இந்தக் கட்சி வாக்குக் கேட்டது. மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை கையில் இருந்தும் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் வடக்கின் நம்பிக்கையைத் தின்கிறது. நம்பி ஏமாந்த தலைமுறை அடுத்து எங்கே போகும் என்பதை 1970-களின் யாழ்ப்பாணம் காட்டியிருக்கிறது.

அண்டை வீட்டுக்குப் புத்தி சொல்லும்போது நம் வீட்டு முற்றத்தையும் பார்க்க வேண்டும். போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க, ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் தனி ஆணையம் அமையுங்கள் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பரில் கட்டளையிட்டது. தமிழ்நாடு 2013-இல் ஒரு சட்டம் போட்டது. அதில் மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர், உடன் டிஜிபி. மாவட்டத்தில் ஆட்சியரும் எஸ்பியும். குற்றம் சாட்டப்பட்டவரின் மேலதிகாரியே விசாரணைக்காரர். சாத்தான்குளம் காவல் மரணங்கள் நடந்தது 2020-இல்; திருப்புவனம் காவல் மரணம் நடந்தது 2025-இல். நம் வட்டாரத்திலேயே, 2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் சங்கப் பதிவு கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, இரவோடு இரவாகப் பந்தலைப் பிரித்ததும் நிர்வாகிகளைக் கைது செய்ததும் போலீஸ்தான். போரே நடக்காத மண்ணில் 1861-இன் குணம் இந்த அளவுக்கு மிச்சமிருக்கிறது என்றால், முப்பதாண்டுப் போர் நடந்த மண்ணில் எவ்வளவு மிச்சமிருக்கும்?

ஆகவே கொழும்பு செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்க வேண்டும். எந்தப் பெயரில் புதிய சட்டம் வந்தாலும் போலீஸ் எழுதும் வாக்குமூலம் சாட்சியமாகக் கூடாது. மாகாண சபைத் தேர்தலுக்கு உடனே தேதி குறிக்க வேண்டும்; அதோடு 13-வது திருத்தத்தின் போலீஸ் பிரிவுகளை ஒன்பது மாகாணங்களிலும் நடைமுறைப்படுத்த வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் பேசும் ஆண்களையும் பெண்களையும் பெருமளவில் பணிக்கு எடுத்து, அவர்களை மொழிபெயர்ப்பாளர்களாக மூலையில் உட்கார வைக்காமல் நிலையப் பொறுப்பும் தர வேண்டும். புகார்களைப் போலீசைச் சாராத அமைப்பு விசாரிக்க வேண்டும். அதிரடிப் படையை அன்றாடக் காவலிலிருந்து விலக்க வேண்டும்.

டெல்லிக்கும் ஒரு வார்த்தை. 13-வது திருத்தத்தை முழுமையாக நிறைவேற்றுங்கள் என்று ஒவ்வொரு சந்திப்பிலும் கூட்டறிக்கையில் ஒரு வரி சேர்ப்பது சடங்காகிவிட்டது. கடன், துறைமுகம், மின்கம்பி, ராணுவப் பயிற்சி என்று எல்லாவற்றையும் தேதி போட்டுப் பேசத் தெரிந்த இந்தியா, இதற்கும் ஒரு தேதி கேட்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் இருக்கும் இரண்டு கையெழுத்துகளில் ஒன்று நம்முடையது. தமிழ்நாட்டுக் கட்சிகள் ஈழத்துக்காக முழங்கியது போதும்; காவல் நிலையத்தில் தமிழில் ஒரு புகார் எழுத முடியுமா என்ற சின்னக் கேள்வியை நாடாளுமன்றத்தில் எழுப்பட்டும். கூடவே, 2013 சட்டத்தைத் திருத்தி, ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் புகார் ஆணையத்தை அமைத்துவிட்டு, அந்தத் தகுதியோடு கொழும்பிடம் பேசட்டும். வரும் மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூருக்கு மலரோடு வரும் தலைவர்கள் ஒவ்வொருவரும், 1987-இன் ஒப்பந்தத்துக்குத் தாங்கள் என்ன செய்தோம் என்று மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.